ஒரு முழ வீரன்

யுத்தங்களைப் பற்றிச் சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அரசர் யார், தளபதி யார், குதிரை எத்தனை, பீரங்கி எத்தனை, வென்றவர் யார், தோற்றவர் யார் என்று கணக்குப் பார்த்து எழுதிவிட்டால், யுத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது என்று பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கணக்கில் சேராத சிலர் எல்லா யுத்தங்களிலும் உண்டு. “உனக்கு எதற்கப்பா இந்த வம்பெல்லாம்? நீ வீட்டில் இரு” என்று பெரியவர்கள் தோளைத் தட்டி ஒதுக்கிவிட்ட பிறகும், “நானும் வருவேன்” என்று குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட ஒருவனுடைய கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். தோளைத் தட்டி ஒதுக்குவதற்குக்கூட அவனிடம் மற்றவர்கள் குனிய வேண்டியிருந்தது. ஏனென்றால் அவன் உயரம் ஒரு முழம்.

நேயர்கள் இதை வெறும் அலங்காரப் பேச்சு என்று எண்ணிவிட வேண்டாம். நம்முடைய முழம் பதினெட்டு அங்குலம். ஜெப்ரி ஹட்ஸன் என்ற அந்த ஆங்கிலப் பையன் முதன்முதலாக அரண்மனை வெளிச்சத்துக்கு வந்தபோது அவனை அளந்து பார்த்தவர்கள் சொன்ன அளவும் பதினெட்டு அங்குலந்தான்.

இங்கிலாந்தின் பழைய மாவட்டங்களிலே மிகச் சிறியது ரட்லண்டு. அந்தச் சிறிய மாவட்டத்தில் ஓக்கம் என்ற ஊரில் 1619ஆம் ஆண்டு ஜெப்ரி பிறந்தான். தகப்பன் ஜான் ஹட்ஸன் அகன்ற தோளும் ஆஜானுபாகுவான உடம்பும் படைத்தவன். எருதைக் கட்டிப் போட்டு அதன் மேல் நாய்களை ஏவி வேடிக்கை பார்ப்பது அக்காலத்து ஆங்கிலப் பிரபுக்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு. அப்படிப்பட்ட எருதுகளைப் பராமரிப்பது ஜான் ஹட்ஸனின் தொழில். அவனுடைய எஜமானர் சாமானியரல்லர். பக்கிங்காம் பிரபு! இரண்டு அரசர்களின் செல்லப் பிள்ளையாக இருந்து ராஜ்யத்தையே தம் விரலால் ஆட்டிவைத்தவர். ஜெப்ரியின் தாயும் உடன்பிறந்தவர்களும் மற்றவர்களைப் போலவே வளர்ந்தவர்கள். இவன் ஒருவன் மட்டும், அங்கங்கள் எல்லாம் அளவாக, முகம் அழகாக, சிற்பி செய்து வைத்த பொம்மை போல அப்படியே நின்றுவிட்டான்.

ஏழு வயதானபோது தகப்பன் மகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ப் பக்கிங்காம் பிரபுவின் மனைவியிடம் ஒப்படைத்தான். ஏழை வீட்டில் பிறந்த அபூர்வமான கிளியையோ மான்குட்டியையோ ஜமீன்தார் வீட்டுக்குக் கொடுப்பதில்லையா? அதைப் போலத்தான். பையனுக்கு நல்ல சோறும் பட்டுத் துணியும் கிடைக்கும் என்று தகப்பன் நினைத்திருப்பான். கிடைக்கத்தான் செய்தன. அவற்றோடு சேர்த்து வேறொன்றும் கிடைத்தது. அதுதான் சிரிப்பு.

அந்த 1626ஆம் ஆண்டிலேயே பிரபு லண்டனில் ஒரு விருந்து வைத்தார். அரசர் முதலாம் சார்லஸும் அவருடைய இளம் மனைவி ஹென்ரியட்டா மரியாவும் விருந்தாளிகள். மேஜையின் மீது ஒரு பெரிய பலகாரத்தைக் கொண்டு வந்து வைத்தார்கள். மாவினால் கூடு செய்து, உள்ளே இறைச்சியோ பழமோ வைத்துச் சுடுகிற அந்தப் பலகாரத்துக்கு ஆங்கிலத்தில் ‘பை’ என்று பெயர். நம் வீட்டுச் சோமாசியை மிகப் பெரிதாக்கி மேஜையில் வைத்தால் எப்படியிருக்குமோ அப்படி என்று நினைத்துக்கொள்ளலாம். பலகாரத்தின் மேல்மூடி எழும்பியது. உள்ளேயிருந்து வெளியே வந்தது இறைச்சியும் அல்ல, பழமும் அல்ல. குட்டிக் கவசம் அணிந்த ஒரு குட்டி வீரன் எழுந்து நின்றான்! சபை கொல்லென்று சிரித்தது. அரசியும் கை கொட்டிச் சிரித்தாள். அந்தப் பொம்மை வீரனைத் தனக்கே கொடுத்துவிடும்படி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜெப்ரி உலகத்துக்கு அறிமுகமான முதல் காட்சியிலேயே அவன் போர்க்கோலத்தில் இருந்தான் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கவசத்தை அவனுக்கு மாட்டியவர்களுக்கு அது ஒரு தமாஷ். ஏழு வயதுப் பையனுக்கு அது தமாஷாக இருந்திருக்குமா? கையில் மரக்கத்தி கிடைத்தால் உடனே ராஜகுமாரனாகிவிடுகிற வயதல்லவா அது?

அரசியின்மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரான்சு தேசத்து ராஜகுமாரியான அவளுக்கு அப்போது வயது பதினாறு. மொழி தெரியாத நாட்டுக்கு, வேறு சமயத்தைச் சேர்ந்தவர்கள் நடுவே வாழ்க்கைப்பட்டு வந்தவள். கூட வந்த பிரெஞ்சுத் தோழிமாரையும் பணியாட்களையும் அவள் கணவனே 1626இல் மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிவிட்டான். அழுது புலம்பிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு, வீட்டை விட்டு வந்த இன்னொரு குழந்தை துணை கிடைத்தது. அவள் அவனிடம் வைத்த அன்பு பொய்யில்லை. ஆனால் மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர்கள் கொஞ்சப்படுகிறவனுக்கு வயதாகிக்கொண்டே போகிறது என்பதை மறந்துவிடுவது உலக இயல்பு.

அரண்மனையில் அவன் வேலை என்ன? ராஜசபையில் கூனர்களும் குறளர்களும் அரசியைச் சூழ்ந்து நிற்கும் காட்சி நமக்குப் புதியதன்று. பாண்டியன் தேவியின் பரிவாரத்தை இளங்கோவடிகள் வருணிக்கும்போது அவர்களை மறக்கவில்லை. ஆங்கில அரண்மனையில் அந்த வழக்கத்தோடு நாடகமும் சேர்ந்துகொண்டது. வில்லியம் எவான்ஸ் என்று அரசருக்கு ஒரு வாயிற்காவலன் இருந்தான். ஏழரை அடி உயரம். ஒரு நாள் அரண்மனைக் கூத்தில் அந்த ராட்சதன் ஆடிக்கொண்டே வந்து சட்டைப் பைக்குள் கையை விட்டு ஜெப்ரியை வெளியே எடுத்துக் காட்டினான். சபைக்கு முதலில் பிரமிப்பு, அப்புறம் சிரிப்பு. வேறொரு சமயம் வாண்டைக் என்ற மகா சித்திரக்காரர் அரசியைப் படம் எழுதினார். 1633ஆம் ஆண்டுப் படம்; இன்றைக்கு வாஷிங்டன் நகரத்துக் கலைக்கூடத்தில் இருக்கிறது. நீலப் பட்டில் அரசி நிற்கிறாள். பக்கத்தில் ஜெப்ரி. அவன் கைமேல் ஒரு குரங்கு. அரசியின் கை குரங்கின்மீது இருக்கிறது. அரசிக்குப் பிரியமான பிராணிகள் இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதிவிட்டார் சித்திரக்காரர். படத்திலிருக்கும் ஜெப்ரிக்கு அப்போது பதினான்கு வயது. அந்த முகத்தைப் பார்த்தால் குழந்தை முகமாகத் தோன்றவில்லை.

இதற்கிடையில் அவனுக்கு உலகமும் கொஞ்சம் தெரிந்தது. 1630இல் அரசி கருவுற்றிருந்தபோது, பிரான்சிலிருந்து மருத்துவச்சி ஒருத்தியை அழைத்து வருவதற்காக ஒரு கூட்டத்தை அனுப்பினார்கள். அதில் ஜெப்ரியும் ஒருவன். திரும்பி வருகிற வழியில் டன்கர்க் கடற்கொள்ளைக்காரர்கள் கப்பலை மடக்கிவிட்டார்கள். பதினொரு வயதுப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய பயங்கரம்! விடுதலையாகி லண்டனுக்கு வந்து சேர்ந்தால் அங்கே அவனுக்காக ஒரு காவியம் காத்திருந்தது. டேவனன்ட் என்ற அரண்மனைக் கவிஞர் அவன் சிறைப்பட்ட கதையைப் பரிகாசப் பாட்டாகப் பாடிவிட்டார். அதில் ஜெப்ரி ஒரு வான்கோழியோடு யுத்தம் செய்கிறான். தோற்கப் போகிற சமயத்தில் மருத்துவச்சி வந்து காப்பாற்றுகிறாள்! சபையில் அதைப் படித்துச் சிரித்தார்கள். உண்மையான அபாயத்தைக் கடந்து வந்தவனுக்குக் கிடைத்த சன்மானம் இந்த வான்கோழி.

1637இல் ஹாலந்து தேசத்தில் பிரெடா என்ற கோட்டையை ஆரஞ்சு இளவரசர் முற்றுகையிட்டிருந்தார். ஐரோப்பாவின் இளம் பிரபுக்கள் எல்லாம் யுத்தக்கலை கற்றுக்கொள்ள அந்தப் பாசறைக்குப் படையெடுத்துக்கொண்டிருந்தார்கள். வார்விக் பிரபு, நார்தாம்ப்டன் பிரபு இவர்களோடு ஜெப்ரியும் போனான். அங்கே அவன் ஓடியாடித் திரிந்த சுறுசுறுப்பைக் கண்டு ‘மும்முர ஜெப்ரி’ என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் சூட்டினார்கள். பரிகாசந்தான். ஆனாலும் பதினெட்டு வயது வாலிபன் ஒருவன் அகழியையும் பீரங்கி மேட்டையும் நேரில் பார்த்துவிட்டான். குதிரை ஏறவும் கைத்துப்பாக்கி சுடவும் அவன் நன்றாகக் கற்றிருந்தான் என்பது பின்னால் நடந்ததிலிருந்து ஐயமில்லாமல் தெரிகிறது.

இங்கே குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தரையில் நின்றால் ஜெப்ரி எல்லோருடைய முழங்காலையும் பார்த்துப் பேச வேண்டும். சேணத்தில் ஏறிவிட்டாலோ நிலைமை வேறு. நெட்டையன் உயரத்தையும் குட்டையன் உயரத்தையும் குதிரை தன் உயரத்தால் ஓரளவுக்குச் சமப்படுத்திவிடுகிறது. அந்தக் காலத்துக் குதிரை வீரர்கள் வாளோடு ஒரு ஜோடிக் கைத்துப்பாக்கியும் வைத்திருப்பார்கள். வாளுக்கு நீண்ட கை வேண்டும். துப்பாக்கிக் குண்டுக்கு அது தேவையில்லை. நடுங்காத கை போதும். ஜெப்ரிக்கு மனிதனாக வாழ வழி காட்டிய பொருள்கள் உலகத்தில் இந்த இரண்டுதான்: சேணமும் துப்பாக்கியும்.

1642ஆம் ஆண்டு வந்தது. வரியைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் நெடுநாளாக மூண்டிருந்த சண்டை முற்றி, அரசரும் பாராளுமன்றமும் ஆயுதம் எடுத்தார்கள். ஆகஸ்டு மாதத்தில் சார்லஸ் நாட்டிங்காமில் போர்க்கொடி ஏற்றினார். அரசி ஹாலந்துக்குச் சென்று கிரீடத்து நகைகளை அடகு வைத்துப் பணமும் ஆயுதமும் சேர்த்துக்கொண்டு, 1643 பிப்ரவரியில் யார்க்ஷயர் கரையில் வந்திறங்கி எதிரிக் கப்பல்களின் குண்டுமாரிக்கு ஆளானாள். விருந்தும் கூத்தும் நடந்த அரண்மனை போயிற்று. ராட்சதனின் சட்டைப் பையும் பலகாரத்தின் மேல்மூடியும் எங்கேயோ மறைந்தன. எல்லோரும் யுத்தத்துக்குப் போனார்கள். ஜெப்ரியும் போனான்.

அரசர் படையில் அவனுக்குக் குதிரைப்படைக் காப்டன் என்ற பதவி கிடைத்தது. எழுபது குதிரை வீரர் வரையில் கொண்ட ஒரு பிரிவுக்குத் தலைவன் என்பது அந்தப் பதவியின் பொருள். அவன் எந்தப் போரில் எந்தப் பக்கம் நின்றான் என்பதைச் சொல்லும் ஏடு கிடையாது. கொடுத்தவர்கள் பாதி விளையாட்டாகக்கூடக் கொடுத்திருக்கலாம். ஆனால் வாங்கிக்கொண்டவன் அதை விளையாட்டாக வாங்கிக்கொள்ளவில்லை. அக்காலத்தில் இங்கிலாந்தின் பெரியோர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிய தாமஸ் ஃபுல்லர் என்ற பாதிரியார், ரட்லண்டு மாவட்டத்துப் பெரியோர் வரிசையில் இந்தச் சிறியவனைச் சேர்த்து, அவன் அரசர் படையில் காப்டனாக இருந்ததையும், உருவத்தில் குறளனே அன்றிக் கோழை அல்லன் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்.

காப்டன் பதவி பெற்றவரை இனியும் ‘அவன்’ என்று எழுதிக்கொண்டு போவது மரியாதையாகாது. அவருக்கும் இதே எண்ணந்தான் இருந்தது. பதவி கிடைத்த நாள்முதல், இனி என்னைப் பரிகாசம் செய்ய யாரையும் அனுமதிக்க மாட்டேன் என்று தம்மைச் சூழ்ந்திருந்தவர்களுக்குத் தெரியப்படுத்திவிட்டார்.

1644இல் அரசர் பக்கம் கை சாயத் தொடங்கியது. அரசி எக்ஸிடர் நகரில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு, நோயும் துயரமுமாக ஜூலை மாதத்தில் பிரான்சுக்குக் கப்பலேறினாள். உடன் சென்ற சிறு பரிவாரத்தில் காப்டன் ஹட்ஸனும் இருந்தார். தோற்றுப் போன கூட்டம் அந்நிய நாட்டில் கூடியிருக்கும்போது பொழுது போவது கடினம். கையில் வேலையில்லை, மனத்தில் நிம்மதியில்லை. அந்த மாதிரி நேரங்களில் மனிதர்களுக்குப் பழைய வேடிக்கைகள் ஞாபகம் வரும். பழைய வேடிக்கை ஒன்று பக்கத்திலேயே உலாவிக்கொண்டிருந்தது.

அரசியின் குதிரை அதிகாரியின் தம்பி, சார்லஸ் கிராப்ட்ஸ் என்ற வாலிபன். அவன் காப்டனை ஏதோ சொல்லிக் கேலி செய்தான். என்ன சொன்னான் என்பது முக்கியமல்ல. பதினெட்டு வருஷமாகக் கேட்ட பேச்சுத்தானே? காப்டன் அவனைத் துவந்த யுத்தத்துக்கு அழைத்தார். குதிரைமேல் இருந்தபடி கைத்துப்பாக்கியால் சுட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. இது நடந்தது 1644 அக்டோபர் மாதம், பிரான்சு தேசத்து நெவர் நகரத்தில்.

குறித்த இடத்துக்குக் காப்டன் துப்பாக்கியோடு வந்தார். கிராப்ட்ஸும் வந்தான். அவன் கையிலே இருந்தது ஒரு பீச்சாங்குழல்!

துவந்த யுத்தத்தை மேலும் ஒரு கூத்தாக்கிவிடலாம், குள்ளன்மீது தண்ணீரைப் பீச்சிவிட்டு எல்லோருமாகச் சிரித்துக்கொண்டு வீடு திரும்பலாம் என்று அவன் நினைத்திருக்கிறான். அந்தக் கணத்தில் காப்டன் ஹட்ஸனின் கண்முன் என்னென்ன வந்து நின்றனவோ! பலகாரமும், சட்டைப் பையும், வான்கோழியும், கைமேல் உட்கார்ந்திருந்த குரங்கும் வரிசையாக வந்து நின்றிருக்குமோ என்று நாவல் எழுதுகிற என் கை எழுதத் துடிக்கிறது. சரித்திரம் சொல்வதோ சுருக்கமானது. பீச்சாங்குழலோடு யுத்தம் செய்ய அவர் மறுத்துவிட்டார். கிராப்ட்ஸ் உண்மையான துப்பாக்கி எடுக்க வேண்டியதாயிற்று. குதிரைகள் ஓடின. காப்டன் ஒரே குண்டில் அவனைச் சுட்டுக் கொன்றார்.

சபாஷ் என்று கொட்டாமல் இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். சார்லஸ் கிராப்ட்ஸ் ராஜத் துரோகி அல்லன், கொலைகாரனும் அல்லன். சபை முழுவதும் பதினெட்டு வருஷமாகச் செய்துகொண்டிருந்ததை அவனும் ஒரு நாள் செய்தான். சிரிப்புக்கு மரண தண்டனை எந்தத் தர்ம சாஸ்திரத்திலும் கிடையாது. அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். ஆயிரம் பேர் சிரித்த சிரிப்புக்கு ஒருவன் உயிரைக் கொடுத்துக் கணக்குத் தீர்த்தான் என்பதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

வேறு வழி இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்று காட்டவும் ஒருவர் இருக்கிறார். அதே அரண்மனையில் ரிச்சர்டு கிப்ஸன் என்று இன்னொரு குறளர் இருந்தார். அவர் கையில் எடுத்த ஆயுதம் தூரிகை. உள்ளங்கை அளவுச் சித்திரங்கள் எழுதுவதில் புகழ் பெற்று, தம்மைப் போன்ற உயரமுள்ள ஒரு பெண்ணை மணந்து, மக்களைப் பெற்று, பிற்காலத்தில் ராஜகுமாரிகளுக்குச் சித்திர ஆசிரியராகி, 1690இல் நிறைவாழ்வு வாழ்ந்து காலமானார். ஒருவருக்குத் தூரிகை கிடைத்தது. மற்றவருக்குத் துப்பாக்கி கிடைத்தது. ஜெப்ரிக்கு யாராவது ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்திருந்தால்? ஏழு வயதில் அவர் கற்றுக்கொண்ட தொழில் பலகாரத்திலிருந்து எழுந்து நிற்பது ஒன்றுதான். மாட்டிவிட்ட கவசத்தை அவர் நிஜமாக்கிக்கொண்டார். சிரித்தவர்கள், தாங்கள் மாட்டிவிட்ட வேஷம் அது என்பதை மறந்துபோனார்கள்.

துவந்த யுத்தம் பிரான்சில் சட்டவிரோதம். செத்தவனோ அரசியின் அதிகாரிக்குத் தம்பி. தலை போகிற குற்றம். ஹென்ரியட்டா மரியா பிரெஞ்சு மந்திரி மஸாரினுக்குத் தன் கையால் கடிதம் எழுதிக் கருணை கேட்டாள். தலை தப்பியது. ஆனால் இனி அரசியின் பரிவாரத்தில் இடமில்லை. இருபத்தைந்து வயதில், ஏழு வயதுமுதல் தமக்கு இருந்த ஒரே வீட்டை விட்டுக் காப்டன் ஹட்ஸன் வெளியேறினார்.

வெளியேறியவரை விதி கடலில் மடக்கியது. வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளைக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போய் அடிமையாக விற்றார்கள். அந்தக் காலத்தில் மத்தியதரைக் கடலில் இது ஒரு பெரிய வியாபாரம். பணக்கார உறவினர் இருந்தால் மீட்புப் பணம் வரும். இல்லாதவர்கள் கல் சுமக்க வேண்டும், நிலத்தை வெட்ட வேண்டும். இருபத்தைந்து வருஷம் போல அவர் அங்கே உழன்றார். இந்தப் பக்கம் இங்கிலாந்தில் அரசர் சார்லஸ் தோற்று, சிறைப்பட்டு, 1649 ஜனவரியில் தலை வெட்டுண்டார். கிராம்வெல் ஆண்டார், போனார். 1660இல் அரசர் மகன் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். இத்தனை அமர்க்களத்துக்கும் நடுவே, அரசியின் பக்கத்தில் நின்ற குட்டி மனிதர் எங்கே என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

1669இல் அவர் மறுபடியும் இங்கிலாந்தில் தென்படுகிறார். அவரைக் கண்டவர்கள் திகைத்துப் போனார்கள். ஆள் வளர்ந்திருந்தார்! மூன்றடி ஒன்பது அங்குலம். நம் கணக்கில் இரண்டரை முழம். ஜேம்ஸ் ரைட் என்பவர் 1684இல் ரட்லண்டு மாவட்டத்தின் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். காப்டனின் வாயாலேயே இந்தக் கதையைக் கேட்டவர் அவர். ஏழு வயதுமுதல் முப்பது வயதுவரை வளர்த்தி என்பதே இல்லை என்றும், முப்பதுக்குமேல் அடிமைத் தொழிலின் கடுமையினால்தான் வளர்ந்தேன் என்றும் காப்டன் சொன்னாராம். இக்கால வைத்திய சாஸ்திரம் வேறு காரணம் கூறுகிறது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி போதிய அளவு வேலை செய்யாதவர்களுக்கு அங்கங்கள் அளவாக இருந்தும் உடம்பு சிறுத்துவிடும்; எலும்பின் நுனிகள் சீக்கிரத்தில் மூடிக்கொள்ளாததால் காலங்கடந்த பிறகும் சிலருக்கு வளர இடமுண்டு என்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அளவுகோல் வைத்துக்கொண்டு தம்மையே பார்த்திருந்த சபையை விட்டுப் போன பிறகுதான் அவர் வளர்ந்தார் என்பதையும் மறப்பதற்கில்லை.

அவர் திரும்பி வந்ததாகத் தெரிகிற அதே 1669இல், செப்டம்பர் மாதத்தில், ஹென்ரியட்டா மரியா பிரான்சில் கண்ணை மூடினாள்.

காப்டன் பிறந்த ஊராகிய ஓக்கத்துக்கே போய்ச் சேர்ந்தார். பழைய எஜமானரின் மகனான பக்கிங்காம் பிரபுவும் வேறு சிலரும் கொடுத்த சிறு உதவித் தொகையில் சில வருஷம் வாழ்ந்தார். பிறகு லண்டனுக்கு வந்தார். வந்த நேரம் சரியில்லை. 1678இல் டைட்டஸ் ஓட்ஸ் என்ற புளுகன், கத்தோலிக்கர்கள் அரசரைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று ஒரு பொய்யைக் கிளப்பிவிட்டான். நாடே பைத்தியம் பிடித்தது போல் ஆகிக் கத்தோலிக்கர்களைப் பிடித்துச் சிறையில் தள்ளியது. அரசியின் நிழலில் வளர்ந்த காப்டன் அவளுடைய மதத்தைத் தழுவியவர். அறுபது வயதை நெருங்கிய அவரையும் வெஸ்ட்மின்ஸ்டரில் கேட்ஹவுஸ் என்ற சிறையில் நெடுநாள் அடைத்து வைத்தார்கள். கொள்ளைக்காரர்கள் இரண்டு முறை பிடித்தார்கள். சொந்த சர்க்கார் ஒரு முறை பிடித்தது. பின்னர் விடுதலையாகி, 1682ஐ ஒட்டி இறந்தார். புதைத்த இடத்தில் ஒரு கல்கூடக் கிடையாது.

நாவலாசிரியர்கள் இப்படிப்பட்டவரைச் சும்மா விடுவார்களா? 1823இல் வெளிவந்த ‘பெவரில் ஆப் தி பீக்’ என்ற நாவலில் ஸர் வால்டர் ஸ்காட் அவரைச் சிறைச்சாலையில் நம் கண்முன் நிறுத்துகிறார். நெஞ்சிலே வீரமும் விசுவாசமும் உள்ளவராகத்தான் காட்டுகிறார். ஆனால் தம் பெருமையைத் தாமே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் வேடிக்கை மனிதராகவும் ஆக்கிவிட்டார். ஸ்காட்டைப் போன்ற பெருந்தன்மையுள்ள ஆசிரியருக்கே அந்தச் சிரிப்பை அடக்கிக்கொள்ள முடியவில்லை என்றால் அரண்மனைப் பரிவாரத்தை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று நாம் சொல்லுவோம். ஜெப்ரி ஹட்ஸன் கேட்டது கீர்த்திகூட இல்லை. கீர்த்திதான் அவருக்கு ஏழு வயதிலேயே வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டதே! லண்டன் முழுவதும் அவரைத் தெரியும், கவிஞர் பாடினார், சித்திரக்காரர் எழுதினார். அவர் கேட்டது, மற்றவர்கள் போகிற இடத்துக்குத் தாமும் மற்றவர்களைப் போலவே போவதற்கு அனுமதி. யுத்தம் நல்லது என்பதற்காக அவர் அதை நாடியதாக எனக்குத் தோன்றவில்லை. சிரிக்காமல் தம்மை ஏற்றுக்கொள்ளக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அப்படி ஒரு மனிதனை நினைக்க வைத்த சபையைப் பற்றி நாம்தான் யோசிக்க வேண்டும். நம் தெருவில், நம் பள்ளிக்கூடத்தில், நம் கலியாண வீட்டில், யாரையாவது பார்த்தவுடன் நம் உதடு தானாக மலர்ந்துவிடுகிறதே, அவர்கள் கையில் துப்பாக்கி இல்லாத காரணத்தால் நாம் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

இரண்டாம் சார்லஸின் இரகசியச் செலவுக் கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று குமாஸ்தா எழுதி வைத்த வறட்டுக் கணக்கு. அதில் 1680 ஜூன் மாதத்தில் ஐம்பது பவுன், 1681 ஏப்ரல் மாதத்தில் இருபது பவுன் என்று ஒருவருக்குக் கொடுத்த தொகை பதிவாகியிருக்கிறது. எதற்காகக் கொடுத்தார்கள் என்ற விவரம் இல்லை. குள்ளர் என்றோ, காலஞ்சென்ற அரசியின் விதூஷகர் என்றோ அந்தக் குமாஸ்தா எழுதவில்லை. பணம் பெற்றவர் பெயர் காப்டன் ஜெப்ரி ஹட்ஸன் என்று எழுதியிருக்கிறான்.